கைப்பட்ட சுவர்

அரபு மொழியில் 'பைத்து' என்னும் சொல்லுக்கு வீடு என்றும் பொருள். பாட்டின் ஓரடி என்றும் பொருள். அவ்வடியின் இரு பாதிகளில் ஒவ்வொன்றையும் 'மிஸ்ராஉ' என்பர். அதுவோ இரட்டைக் கதவின் ஒரு பலகைக்கு வழங்கும் பெயர். அசைகளுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். 'ஸபபு' என்பது கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறு. 'வதது' என்பது அக்கயிற்றைப் பிணைக்கும் முளை. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மது யாப்புக்கலையை வகுத்தபோது, அக்கலையின் பெயர்கள் ஏடுகளிலிருந்து வரவில்லை. கூடாரம் அடிப்பவனின் கையருகிலிருந்து வந்தன. நம் தமிழும் இதில் இளைத்ததன்று. நூற்கப்படுவதும் நூல், கற்கப்படுவதும் நூல். பூவைத் தொடுப்பதும் அடிகளைத் தொடுப்பதும் தொடையே.

வகுப்பில் இவற்றைச் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. கையால் செய்தவர்கள்தாம் மொழிக்குச் சொல் தந்தார்கள். பானையை வனைந்தார்கள், கூரையை வேய்ந்தார்கள், முறத்தை முடைந்தார்கள், பாயைப் பின்னினார்கள், தரையை மெழுகினார்கள், மாவைத் திரித்தார்கள். பண்டத்துக்கொரு வினைச்சொல் இருந்தது. இன்று நம் இல்லங்களில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே வினைச்சொல்தான் புழங்குகிறது: 'வாங்கினோம்'. வாங்குவது குற்றமன்று. வணிகம் ஹலாலாக்கப்பட்டது, நம் சமுதாயத்தில் பெரும்பகுதி வணிகத்தாலேயே வாழ்ந்துவந்தது. ஆயினும் வாங்கிய பொருள் பழுதுபட்டால் செய்வதறியாது அதன் முன்னே நிற்கிறோமே, அதைப் பற்றித்தான் பேச விழைகிறோம். வீட்டை அழகுபடுத்த நீங்களே செய்யலாம் என்று, புட்டிக்கு வண்ணம் பூசவும் உடைந்த வளையலில் தொங்கல் கோக்கவும் இந்நாளில் சொல்லித் தருகிறார்கள். நல்ல பொழுதுபோக்குத்தான், குறை சொல்வதற்கில்லை. நாம் சொல்ல வந்தது அதனினும் சற்றுப் பளுவானது.

1996ஆம் ஆண்டு முதல் ஏழாண்டுக் காலம் நாம் ஜவ்வாது மலையில் தமிழாசிரியராய்ப் பணியாற்றினோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே ஏறினால் முதலில் காவலூர். அப்பால் காடும் சாமைக் கொல்லைகளுமாய்க் கடந்து ஜமுனாமரத்தூர். மலைமேல் வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என எண்ணிவிட வேண்டா. மலைவாழ்நர் என்பதே அதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாய்ச் சொல்லிவருகிறார்கள்.

நமக்கு வாடகைக்குக் கிடைத்தது மண்சுவரும் புல்கூரையும் உடைய வீடு. மணமாகி இரண்டாண்டே ஆன துணைவியாரையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது, "ஆலிம்சா, மச்சு வீட்டிலே பிறந்த பிள்ளையைக் குடிசைக்குக் கொண்டுபோறீங்களே" என்று உறவினர் முணுமுணுத்தனர். வீட்டுக்காரர் முன்புறத்து வீட்டில் குடியிருந்தார். நம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை. நம்மை 'வாத்தியார் பாய்' என்றே அழைப்பார். மழைக்கு முன்னதாக ஒருநாள் வந்து, "சுவத்துக்குப் பூச்சு போடணும் வாத்தியார் பாய், நீங்களும் வாங்க" என்றார். வாடகையும் வாங்கிக்கொண்டு வேலைக்கும் அழைக்கிறாரே என்று வியந்தோம். குடியிருப்பவன் கை படாத சுவர் நிலைக்காது என்பது அவர் கொள்கை.

மண்ணைத் தேர்வதில் அவர் மனைவியார் ஒரு முதரிஸுக்கு நிகரானவர். பெரியம்மா என்றே நாங்கள் அழைத்துவந்தோம். ஈரமண்ணைப் பந்தளவு உருட்டித் தோளுயரத்திலிருந்து தரையில் விடுவார். சிதறிப்போனால் மணல் மிகுதி. அப்பம்போல் பரந்துவிட்டால் களியோ நீரோ மிகுதி. அடிப்புறம் சற்றே அமுங்கி, மற்றபடி உருண்டையாகவே கிடந்தால் அந்த மண் ஆகும். கைவிட்ட கறையான் புற்று கிடைத்தால் அவருக்குப் புதையல் கிடைத்தது போல. கறையான் தன் உமிழ்நீரால் பிசைந்து ஏற்றிய நுண்மண் அல்லவா, எளிதில் வெடிப்பதில்லை. இவற்றோடு நறுக்கிய தாளைக் கலந்து, நீர் விட்டுக் காலால் மிதித்து, சில நாட்கள் ஊறவிடுவார்கள். கான்கிரீட்டுக்கு இரும்புக் கம்பி செய்யும் உதவியை மண்ணுக்கு அந்தத் தாள் செய்கிறது. சுவர் எழுப்பும்போது ஒரே மூச்சில் எழுப்புவதில்லை. ஒரு வரி வைத்து, அது இறுகிய பின்னரே அடுத்த வரி. கடைசியில் சாணமும் செம்மண்ணும் குழைத்த மேற்பூச்சு.

மண்சுவருக்குப் பகை வெயிலன்று, நீர். மேலிருந்து விழும் நீரைக் கூரையின் நீண்ட இறவாரம் அப்பால் தள்ளிவிடும். கீழிருந்து தெறிக்கும் நீரைத் திண்ணை தாங்கிக்கொள்ளும். திண்ணை விருந்தினருக்காக மட்டுமன்று; சுவரின் காலுக்கு இட்ட செருப்பு அது. இத்தனை செய்தும் ஆண்டுக்கொருமுறை மழை தன் பங்கை அரித்துக்கொண்டுதான் போகும். அரித்ததை ஆண்டுக்கொருமுறை அப்பிவிட்டால் சுவர் மனிதனைவிட நெடுநாள் வாழும்.

சுவர் ஈரமாயிருந்த அந்த நாட்களில் பெரியம்மாவும் நம் துணைவியாரும் சேர்ந்து மாடங்கள் அமைத்தார்கள். முஸ்ஹஃபுக்கு உயரத்தில் ஒன்று, விளக்குக்கு ஒன்று, நம் புத்தகங்களுக்கென்று நீளமாய் ஒன்று. வளைவு சரியாக அமையச் சட்டியின் விளிம்பையே அச்சாக வைத்து அழுத்தினார்கள். மலைக்குளிருக்குப் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையைத் துணைவியார் அவருக்குக் கற்றுத் தந்தார். முற்றிய சுரைக்காயைக் குடைந்து உலர்த்தி விதை சேமிக்கும் முறையை அவர் இவருக்குக் கற்றுத் தந்தார். மூங்கில் பிளாச்சை முடைந்து, மண்ணும் சாணமும் பூசிய சிறு குதிர் ஒன்றும் நம் வீட்டு மூலையில் வந்து அமர்ந்தது. இவையெல்லாம் அழகுப் பொருள்கள்தாம். ஆனால் அடுப்பின் கதை வேறு.

துணைவியாருக்கு இளைப்பு நோய் உண்டு. மலைக்கு வந்த முதல் மார்கழியில் அது முற்றிற்று. ஈர விறகின் புகை சாளரமில்லாத அடுப்பங்கரையில் தேங்கி நிற்கும். இரவில் படுக்க இயலாமல் சுவரில் சாய்ந்தபடியே விடியும்வரை அமர்ந்திருப்பார். அடிவாரத்து மருத்துவர் ஒருவர், 'அடுப்பங்கரைக்குப் போகாமலிருங்கள்' என்றார். போகாமல் யார் சமைப்பது? குழந்தையோ எந்நேரமும் தாயின் மடியில். ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட எண்ணினோம். கொத்தனார் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திப் புகையில்லா அடுப்பு ஒன்று கட்டுவித்தோம். நான்காம் நாளே புகை முன்போல உள்ளேயே சுழன்றது. கொத்தனாரோ மலையை விட்டு இறங்கிவிட்டார்.

பெரியம்மா வந்து அடுப்பின் முன் குந்தி, எரியும் சுள்ளியை உள்ளே நீட்டிப் பார்த்தார். பிறகு, "இத ஒடச்சிடலாம்மா" என்றார். இருவரும் உடைத்தார்கள். மண் மிதித்துக் கொடுத்ததைத் தவிர இதில் நம் பங்கு ஏதுமில்லை. புகையில்லா அடுப்பின் நுட்பம் எளியது. முதற்கண்ணின் கீழே எரியும் தீ, ஒரு சுரங்கத்தின் வழியே இரண்டாம் கண்ணின் அடியைத் தொட்டுக் குழாய்க்குள் போகவேண்டும். குழாயிலுள்ள சூட்டுக்காற்று மேலே ஏறும்போது அடுப்பின் வாயிலிருந்து புதுக்காற்றை இழுக்கும். அந்த இழுப்பு கெட்டால் எல்லாம் கெட்டது. பழைய அடுப்பில் கண்கள் பாத்திரத்தைவிடப் பெரியவை. இடுக்கெல்லாம் புகை கசிந்தது. குழாயோ குட்டையானது, இறவாரத்தின் கீழேயே முடிந்ததால் காற்று வந்து புகையை உள்ளே திருப்பித் தள்ளிற்று.

அவர்கள் செய்தது இது. நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் குழம்புச் சட்டிக்கும் அடியில் சாம்பல் தடவி, ஈரக் களிமண்ணில் அமிழ்த்தித் திருகி எடுத்தார்கள். கண்கள் அப்பாத்திரங்களின் அளவாகவே அமைந்தன. சுரங்கத்துக்கு ஒரு வாழைத்தண்டை உள்ளே வைத்து மண் அப்பி, மண் சற்று இறுகியதும் தண்டை உருவினார்கள். கூரையோ புல், அதற்குள் குழாயை நுழைத்தால் ஒரு பொறி போதும். ஆகவே சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, இறவாரத்துக்கு அப்பால் நிமிர்த்திக் கூரைக்கு மேல் உயர்த்தினார்கள். குழாய்கள், குயவரிடம் வாங்கிய சுட்ட மண் குழாய்கள். குழாயின் அடியில் ஒரு சிறு துளை. அதற்கு ஒரு மண் மூடி. சேரும் கரியை அதன் வழியே வாரிவிடலாம். நன்கு உலரவிட்டுத் தீ மூட்டிய அன்று புகை வெளியே போவதைக் காணப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கூடிவிட்டார்கள். இளைப்பு தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். அந்த வாரம் துணைவியார் படுத்து உறங்கினார், அல்ஹம்து லில்லாஹ்.

இதைவிட முக்கியமானது பின்னர் நடந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மீண்டும் புகை உள்ளே திரும்பிற்று. துணைவியார் யாரையும் அழைக்கவில்லை. மூடியைத் திறந்தார், கரியை வாரினார், மூடினார், சமைத்தார். கட்டியவருக்குக் காரணம் தெரியும். நம் மத்திய அரசு 1980களில் தொடங்கி 2002 வரை மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஒன்றை நடத்தி, நாடெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை அமைத்தது. அவற்றுள் மிகப் பல கைவிடப்பட்டன. பேணுவாரும் பழுதுபார்ப்பாரும் இல்லாமை அதற்கொரு பெருங்காரணம். அடுப்புப் புகை சிறிய செய்தியன்று. 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் எரிவாயு உருளைகள் ஏழைகளின் அடுப்பங்கரைக்கு வந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் உருளை தீர்ந்து, அடுத்ததற்குப் பணம் சேராத நாளில் விறகைத்தான் தேடுகிறார்கள். அந்நாளில் கை தேர்ந்த அடுப்பு வேண்டியிருக்கிறது.

செய்தவருக்குத்தான் செப்பனிடத் தெரியும் என்பது மண்ணுக்கு மட்டும் பொருந்துவதன்று. அதே மலையில் காவலூரில் வான்நோக்கு நிலையம் இருக்கிறது. அங்கே 1968இல் முதன்முதலாய் விண்ணை நோக்கிய 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே, வைணு பாப்பு என்னும் வானியலாரின் முயற்சியில் உருவானது. அவருடைய தந்தையார் ஹைதராபாதின் நிஜாமியா வான்நோக்கு நிலையத்தில் பணிபுரிந்தவர். பின்னர் 1986இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெருங்கண்ணாடியையும் பெங்களூரில் தம் கூடத்திலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். அது பாப்புவின் பெயர் தாங்கி நிற்கிறது. அவர் 1982இலேயே மறைந்துவிட்டார். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது, கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்தே குழிவாக்குவார்கள் என்று கேட்ட ஒரு சிறுவன், 'எங்க ஆயா தரைய தேய்க்கிற மாதிரியா?' என்றான். ஏறத்தாழ அப்படித்தான்.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஜென்னே என்னும் ஊரின் பெரும்பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆனது. இப்போதுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. 1988இல் அவ்வூரையே உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. ஆண்டுதோறும் ஊர் முழுவதும் திரண்டு அதற்குப் பூச்சு போடுகிறது. மண்ணோடு தவிட்டைக் கலந்து குழிகளில் ஊறவிடுவார்கள். பிள்ளைகள் அதில் இறங்கி மிதிப்பார்கள். சுவர்களில் வரிசையாய் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளே சாரம். நம் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, "தவுடும் போடலாமா?" என்று மட்டும் கேட்டார். மறு ஆண்டு சாமைத் தவிட்டைக் கலந்து பார்த்தார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்வது முறை. எகிப்திய கட்டடக்கலைஞர் ஹஸன் ஃபத்ஹி, 1940களில் லக்ஸருக்கருகே புதிய குர்னா என்னும் ஊரை மண் கற்களால் எழுப்பினார். மரச்சாரமே இல்லாமல் வளைகூரை கட்டவல்ல நூபிய கொத்தர்களை அஸ்வான் பக்கத்திலிருந்து வரவழைத்தார். உலகம் புகழ்ந்தது. ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அந்த மக்களில் பெரும்பாலோர் அங்கே குடிவர மறுத்துவிட்டனர். தொன்மைக் கல்லறைகளை ஒட்டிய தம் பிழைப்பை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. மண் நல்லது என்பதாலேயே மனிதர் அதில் வாழவேண்டும் என்று பிறர் விதிக்க இயலாது. ஃபத்ஹியை நாம் மிக மதிக்கிறோம். ஆயினும் குர்னாவாசிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது.

அந்த நியாயம் நம் வாசலுக்கே வந்தது. 2024ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு, 8 லட்சம் வீடுகள், வீடொன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். அதில் தம் பெயர் வந்திருப்பதாகவும், ஒருமுறை வந்துபோகும்படியும் பழைய வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னார். நாமும் துணைவியாரும் மலையேறினோம். நம் மாணவன் இப்போது திருப்பத்தூரில் வேலை பார்ப்பவன். இரு பிள்ளைகளுக்குத் தந்தை. முன்வீட்டோடு, நாம் குடியிருந்த பின்வீட்டையும் இடித்துவிட்டு முழு இடத்தையும் சமமாக்கிவிடலாம் என்பது அவன் திட்டம். பெரியவருக்கு முன்வீடு போவதில் வருத்தமில்லை. பின்வீட்டை இடிக்கத்தான் மனம் வரவில்லை. "நீங்க சொல்லுங்க வாத்தியார் பாய்" என்றார்.

நாம் ஒரு வரலாற்றைச் சொன்னோம். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் பச்சைச் செங்கல்லாலும் பேரீச்ச மட்டையாலும் ஆனவை. சிறுவராயிருந்தபோது கையை உயர்த்தி அவற்றின் கூரையைத் தொட்டதாக ஹஸன் பஸரீ (ரஹ்) கூறியிருக்கிறார்கள். கலீஃபா வலீதின் காலத்தில் பள்ளிவாசலை விரிவாக்க அவ்வறைகள் இடிக்கப்பட்டபோது மதீனா மக்கள் அழுதார்கள். அவற்றை அப்படியே விட்டிருந்தால், எவ்வளவு சிறியதில் நபியவர்கள் நிறைவு கண்டார்கள் என்பதைப் பின்வருவோர் கண்ணால் பார்த்திருப்பார்களே என்று ஸயீத் இப்னு முஸய்யிப் (ரஹ்) ஏங்கினார்கள்.

பெரியவரின் கண் கலங்கிற்று. மாணவன் தலைகுனிந்து நின்றான். அப்போது கதவருகே நின்ற அவன் மனைவி சொன்னாள்: "வருசா வருசம் பூசறது யாருங்க ஐயா? மெழுகறது யாரு? நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. முட்டி தேயறது எங்களுக்குத்தானே."

அவையில் சற்று நேரம் பேச்சில்லை. அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையன்று. திருகை சுற்றிச் சுற்றிக் கைகள் காய்த்துப்போய், பணியாள் ஒருவர் வேண்டும் என்று தந்தையிடம் கேட்கச் சென்ற ஃபாத்திமா (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் மேடைதோறும் சொல்கிறோம்; காய்ப்பை மறந்துவிட்டுப் பொறுமையை மட்டும் எடுத்துச் சொல்கிறோம். நபியவர்கள் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே தைப்பார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போடுவார்கள், வீட்டாரின் வேலையில் இருப்பார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடை பகர்ந்தார்கள். கைவேலையின் பெருமையை எழுதும் ஆண்களாகிய நாம், அது எவர் கை என்பதையும் எழுதியாக வேண்டும்.

இறுதியில் வழி கண்டது அந்தப் பெண்தான். முன்வீடு கான்கிரீட் ஆகட்டும். மழையிலும் தீயிலும் பிள்ளைகளுக்கு அச்சமில்லாதிருக்கட்டும். பின்வீடு அடுப்புக்கும் குதிருக்கும் இருக்கட்டும். ஆனால் புல்லை எடுத்துவிட்டு ஓடு போடவேண்டும். பூச்சு நாளில் ஆண்கள் மண் மிதித்து, சுவரின் மேற்பாதியைத் தாமே பூசவேண்டும். அதற்கு ஒப்பாவிட்டால் நாளையே இடித்துவிடலாம். மாணவன் ஒப்பினான். பெரியவருக்கோ இரண்டாம் பேச்சே இல்லை.

இவ்வாண்டு சாமை அறுவடை முடிந்தபின் அழைப்பு வந்தது. போனோம். மாணவன் விடுப்பெடுத்துக்கொண்டு வந்து, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக் குழிக்குள் மிதித்துக்கொண்டிருந்தான். பெரியவர் திண்ணையிலிருந்து, நீர் கூடிவிட்டது என்று குரல் கொடுத்தபடி இருந்தார். பெரியம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. பேத்தியை அருகே அழைத்து, மண்ணை அவள் கையில் வைத்து, உருட்டும்படி சொன்னார். அவள் உருட்டித் தன் தோளுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"விடு" என்றார்.

விட்டாள். உருண்டை ஒரு பக்கம் மட்டும் சற்றே அமுங்கிக் கிடந்தது. பெரியம்மா குனிந்து, அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, தாளக் கொட்டு" என்றார் மகனிடம்.